நான் நட்ட குச்சியும் தனுஷ்கோடிக் காகங்களும்

வைகாசி மாதம், காலை ஆறேகால் மணி. தனுஷ்கோடிக்கும் அரிச்சல்முனைக்கும் நடுவில், தென்கடல் பக்கத்து மணல்திட்டில் ஒரு காகம் நடந்து வந்தது. பறந்து வரவில்லை, நடந்து வந்தது. நேராக நான் நட்டிருந்த கருவேலங்குச்சியின் அடிக்கு வந்து தலையைச் சாய்த்து ஒரு பார்வை பார்த்தது. இரண்டடி தள்ளி மணலில் கிடந்த, ஆலா என்ற கடற்பறவையின் முட்டையை அலகில் கவ்வியது. தாய் ஆலா மேலிருந்து இரண்டு முறை பாய்ந்தது. காகம் தலையைக் குனிந்துகொண்டது, அவ்வளவுதான். முட்டையை உடையாமல் ராவணன் மீசைப் புதர் வரைக்கும் கொண்டுபோய், அங்கே வைத்து உடைத்துத் தின்றது. அப்புறம் அடுத்த குச்சிக்குப் போனது.

நூறு தப்படி தள்ளி, கவிழ்த்துப் போட்ட பழைய வத்தையின், அதாவது சிறு படகின், பின்னால் உட்கார்ந்து இதைப் பைனாகுலரில் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று காலை மட்டும் மூன்று குழி காலி. மூன்றின் பக்கத்திலும் குச்சி இருந்தது. எந்தக் கூடு எங்கே என்று மறந்துபோகக் கூடாதே என்று ஒவ்வொரு குழிக்கும் இரண்டடி தள்ளி ஒரு முழக் குச்சி நட்டு, நுனியில் சிவப்புத் துணி கட்டியவன் நான்தான். முட்டைகளைக் காப்பாற்றத்தான் அப்படிச் செய்தேன். ஒரே வாரத்தில் அந்தச் சிவப்புத் துணிக்கு என்ன அர்த்தம் என்று காகங்களுக்குத் தெரிந்துவிட்டது.

சித்திரை தொடங்கி ஆனி முதல் நாள் வரை அந்தத் திட்டில் பார்த்ததை இங்கே எழுதுகிறேன். எனக்கு ஊர் தங்கச்சிமடம். கூட்டமாக வாழும் உயிர்களைப் பற்றி மாணவர்களுக்குப் பாடம் எடுப்பது தொழில். அந்தப் பாடத்தை நான் சரியாகப் படிக்கவில்லை என்று அந்தக் கோடையில் தெரிந்துகொண்டேன்.

காகம் இங்கே வந்த கதை

1964 டிசம்பர் புயலுக்குப் பிறகு தனுஷ்கோடியில் ஊர் என்று சொல்ல எதுவும் மிஞ்சவில்லை. இடிந்த தேவாலயம், ரயில் நிலையத்துச் சுவர், நடுவில் சில மீனவக் குடிசைகள். மணலில் வேன் பிடித்துத்தான் போக வேண்டும். 2017-ல் முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரைக்கும் ஒன்பதரைக் கிலோமீட்டர் தார்ச்சாலை திறந்தார்கள். சாலை வந்தது, கார் வந்தது, கார் நிற்கிற இடத்தில் கடை வந்தது. பொரித்த மீன், வெட்டின மாங்காய், அன்னாசித் துண்டு, சோற்றுப் பொட்டலம்.

அங்கேயே பிறந்து வளர்ந்த ஒரு சம்மாட்டியிடம், அதாவது படகுக்காரரிடம், கேட்டேன். எழுபது வயதைத் தாண்டியவர். "காக்காயா? அதெல்லாம் ராமேஸ்வரத்துல, அமாவாசைச் சோத்துக்கு வர்றதுப்பா. இங்க ஆலாவும் கடல்காக்காயும்தான். கடல்காக்கா வேற, இது வேற. ரோடு போட்ட பெறகுதான் இது வந்து ஒக்காந்துச்சு." அவர் பேச்சை அளவெடுத்த ஆதாரம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் காகத்தின் இயல்போடு அது அப்படியே பொருந்துகிறது. சாம்பல் கழுத்துள்ள நம் வீட்டுக்காகம் மனிதக் குடியிருப்பை விட்டு விலகித் தனியாக வாழ்வதே இல்லை. காட்டிலும் இருக்கும் அண்டங்காக்கை போல அல்ல இது. நம் சோறு, நம் குப்பை, நம் கழிவுமீன் இவற்றை நம்பித்தான் இதன் பிழைப்பு.

வெளியிலிருந்து வந்து பரவும் உயிரினங்கள் என்றதும் ராமநாதபுரத்துக்காரருக்கு முதலில் ஞாபகம் வருவது சீமைக் கருவேலம். கடல் பக்கம் கேட்டால் கப்பாபைகஸ் பாசியைச் சொல்வார்கள். தொண்ணூறுகளில் மண்டபத்தில் வளர்த்துப் பார்த்த அந்தப் பாசி, குருசடைத் தீவில் பவளப்பாறை மேல் படர்ந்திருப்பதை 2008-ல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். இரண்டும் அந்நிய நாட்டுச் சரக்கு. காகம் அப்படியில்லை, நம்மூர்ப் பறவை. ஆனால் ஆலாவின் கண்ணால் பாருங்கள். அதன் திட்டில் நேற்று வரை இல்லாத ஒன்று இன்று கூட்டமாக வந்து நிற்கிறது. எல்லைக்கோட்டை வைத்து அந்நியனா இல்லையா என்று முடிவு செய்வது நம் வழக்கம். முட்டையிட்ட பறவைக்கு அது எந்த விதத்திலும் உதவாது.

கடல் கடந்து போன இடங்களிலும் இதே காகம் இதே வழியில்தான் நுழைந்தது. 1890-களில் சான்சிபார் தீவில் குப்பையைத் தின்று ஊரைச் சுத்தப்படுத்தும் என்று ஆங்கிலேயர்கள் இதைக் கொண்டுபோய் விட்டார்கள். அதே பத்தாண்டில், நமக்கு எதிர்க்கரையான இலங்கையிலிருந்து மலேயாவின் கிள்ளான் பகுதிக்குக் கொண்டுபோனார்கள், காப்பித் தோட்டத்துப் புழுவைத் தின்னட்டும் என்று. மற்ற இடங்களுக்குக் கப்பலில் தானாகவே ஏறிப் போனது. நெதர்லாந்தின் துறைமுகம் வரைக்கும் போய்ச் சேர்ந்தது. ஆப்பிரிக்கக் கரையில் இதைக் கட்டுப்படுத்த குயில்கூட இல்லை. நம் ஊரில் பங்குனி சித்திரையில் குயில் கூவ ஆரம்பித்தால், காகத்தின் கூட்டுக்குள் அதன் முட்டை போய்ச் சேரும், காகத்தின் முட்டைக்கு முன்பே பொரிந்து இரையைப் பிடுங்கிக்கொள்ளும். கிழக்கு ஆப்பிரிக்காவில் அந்தக் குயில் கிடையாது.

தடைக்காலம்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. இந்தக் கதைக்கு இதுதான் அச்சாணி. விசைப்படகு ஓடும் நாட்களில் இறங்குதளத்தில் சங்காயம் மலைபோல் குவியும். விற்பனைக்கு ஆகாத சில்லறை மீன், நசுங்கின நண்டு, குடல், தலை. ராமேஸ்வரம், பாம்பன், மண்டபம் காகங்களுக்கு வருஷம் முழுக்க அதுதான் பந்தி. தடை தொடங்கிய மறுநாளே பந்தி நின்றுவிடும். நாட்டுப்படகு கொண்டுவரும் மீனுக்கு அப்போது விலை அதிகம், ஒரு காரல்கூட வீணாகக் கீழே விழாது.

அதே இரண்டு மாதத்தில்தான் காகம் குஞ்சு பொரிக்கிறது. சீமைக் கருவேலத்தின் உச்சியில் கட்டுக்கம்பியும் அறுந்த தங்கூசி (நைலான் நரம்பு) வலைத் துண்டும் வைத்துப் பின்னிய கூட்டில் நாலைந்து வாய்கள் திறந்திருக்கும். அதே இரண்டு மாதத்தில்தான் பள்ளி விடுமுறை, அரிச்சல்முனையில் கார் நிறுத்த இடம் இருக்காது. ஆலாவும், உப்புக்கொத்தி என்ற சின்னக் கரைப்பறவையும் மணலில் முட்டையிடும் காலமும் அதுவேதான். பசி ஒரு பக்கம், சோற்றுப் பொட்டலம் ஒரு பக்கம், முட்டை ஒரு பக்கம். மூன்றையும் இணைத்து வைப்பதற்குக் காகத்தின் கூட்டமாக வாழும் வாழ்க்கை இருக்கிறது.

சின்ன ஆலாவின் கூடு என்பது மணலில் நெஞ்சை வைத்துச் சுழற்றிச் செய்த ஒரு குழி. உள்ளங்கை அளவு. சிப்பித் துண்டு நாலைந்து கிடக்கும். முட்டை மணல் நிறத்தில் புள்ளி போட்டிருக்கும், கால் வைக்கும் வரைக்கும் நமக்குத் தெரியாது. மத்தியான வெயிலில் ஆலா முட்டையை விட்டு எழுந்து கடலுக்குப் போகும். இரை தேடப் போகிறது என்று நினைப்போம். அடிவயிற்று இறகைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு திரும்பி வந்து முட்டையின் மேல் உட்காரும். சூடு தணிக்கிறது. அந்த மணலில் அரை மணி நேரம் நிழல் இல்லாமல் கிடந்தால் முட்டை வெந்துவிடும். வயிற்றிலிருந்து சொட்டின நீரில் முட்டையின் புள்ளிகள் கொஞ்ச நேரம் கறுத்துத் தெரியும். முதல் தடவை அதைப் பார்த்த அன்று வேறு எதையும் குறிப்பெடுக்கத் தோன்றவில்லை.

ஆலாவும் கூட்டப் பறவைதான். செம்பருந்து ஒன்று திட்டின் மேல் வந்தால் ஒரு ஆலா கத்தும், அத்தனையும் எழும்பும், சுற்றிச் சுற்றிப் பாய்ந்து துரத்திவிடும். தனியாக வரும் எதிரிக்கு இது போதும். காகம் தனியாக வருவதில்லை.

காகம் யாரைப் பார்த்தது

ஒரு காகம் திட்டுக்குள் நடந்து வரும், ஆலாக்கள் அதன் மேல் பாயும், இன்னொன்று பின்பக்கமாக வந்து முட்டையைத் தூக்கும். இதை நாலைந்து முறை பார்த்தேன். உடனே "திட்டம் போட்டு வேலை செய்கின்றன" என்று நோட்டில் எழுதிவிட்டேன். பிறகு அந்த வரியை அடித்தேன். முதல் காகத்துக்கு இரண்டாவது காகம் பங்கு கொடுக்கவே இல்லை. கேட்டு வந்தபோது விரட்டியது. இரண்டு பேராசைக்காரர்கள் ஒரே இடத்தில் நின்றால்கூட வெளியிலிருந்து பார்க்கிறவனுக்கு அது ஒத்துழைப்பு மாதிரி தெரியும். கூட்டமாக வாழும் உயிர்களைப் பற்றி எழுதும்போது அடிக்கடி நடக்கும் தவறு இது.

காக்கை கரைந்து உண்ணும் என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்திருக்கிறோம். அதை வெறும் தாராள மனசு என்று எடுத்துக்கொண்டால் பாதிதான் புரியும். காகத்தின் வடதேசத்து உறவான ராவன் பறவையை அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்துப் பனிக்காட்டில் பெர்ண்ட் ஹைன்ரிச் என்ற ஆய்வாளர் எண்பதுகளில் கவனித்தார். செத்த விலங்கு ஒன்றை ஒரு மூத்த ஜோடி காவல் காத்தால் தனியாக வரும் இளம்பறவை கிட்டே போக முடியாது. அது கத்திக் கூட்டம் சேர்க்கும். பத்து வந்தால் ஜோடியால் தடுக்க முடியாது. அழைத்தவனுக்கும் வயிறு நிறையும். பகிர்வும் சுயநலமும் அங்கே ஒரே குரலில்தான் வருகின்றன.

இரவுத் தங்கல் இன்னொரு சங்கதி. திட்டிலிருந்து மாலை ஐந்தரைக்கு மேல் காகங்கள் ஒன்றிரண்டாகச் சாலையை ஒட்டியே மேற்கே கிளம்பும். ராமேஸ்வரத்து மரங்களில் மற்ற காகங்களோடு சேர்ந்து தங்கும். இப்படிக் கூட்டமாகத் தங்கும் இடம், எங்கே இரை இருக்கிறது என்ற செய்தி ஒன்றிடமிருந்து மற்றொன்றுக்குப் போகும் இடமாக இருக்கலாம் என்று 1973-ல் பீட்டர் வார்டும் அமோட்ஸ் சஹாவியும் சொன்னார்கள். பேசிச் சொல்ல வேண்டியதில்லை. வயிறு நிறைந்த பறவை விடியற்காலையில் தயங்காமல் ஒரு திசையில் கிளம்பும், பசித்தது அதன் பின்னால் போகும். அவ்வளவு போதும்.

என் குச்சிகள் விஷயத்துக்கு வருகிறேன். முதல் இரண்டு நாள் ஒரே ஜோடிதான் குச்சியிடம் போனது. ஒன்றுக்கு வலது இறக்கையில் ஒரு இறகு குறைவு, அதனால் அடையாளம் தெரியும். ஐந்தாம் நாள் ஏழெட்டுக் காகங்கள். புதிதாக வந்தவை தேடவில்லை. வந்து இறங்கியதும் சிவப்புத் துணியை நோக்கி நடந்தன. அவை பக்கத்தில் நின்று பார்த்துக் கற்றனவா, இல்லை தங்கலிலிருந்து பின்தொடர்ந்து வந்தனவா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. இரண்டும் கலந்திருக்கலாம். கற்றது ஒன்றோடு நிற்கவில்லை என்பது மட்டும் உறுதி.

காகம் யாரைப் பார்த்து இதையெல்லாம் கற்கிறது என்பதற்கு விடை எனக்குக் கிடைத்தது திட்டில் இல்லை, கருவாடு காயப்போடும் இடத்தில். நெத்திலியும் சூடையும் பழைய வலையை விரித்துக் காயப்போடும் ஒரு அக்கா, காகத்தோடு வருஷக்கணக்கில் போராடுகிறவர். செத்த காகம் ஒன்றைக் கம்பில் தொங்கவிட்டார். முதல் நாள் ஊரையே கூட்டிக் கத்தித் தீர்த்தன. நாலு நாள் ஒன்றும் கிட்டே வரவில்லை. ஐந்தாம் நாள் அந்தக் கம்பின் மேலேயே ஒன்று உட்கார்ந்திருந்தது. அக்கா என்னிடம் சொன்னார்: "அது மீனப் பாக்கல தம்பி, என்னையப் பாக்குது. நான் தண்ணி குடிக்கக் குனிஞ்சேன்னா வருது. போன்ல பேசுனா வருது. என் மருமக வந்து நின்னா வராது, அவ கல்லெடுத்து எறிவான்னு அதுக்குத் தெரியும்."

சியாட்டிலில் 2006-ல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்து ஜான் மார்ஸ்லஃப் குழுவினர் முகமூடி போட்டுக்கொண்டு சில காகங்களைப் பிடித்து விட்டார்கள். அந்த முகமூடியை யார் போட்டு நடந்தாலும் அமெரிக்கக் காகங்கள் திட்டித் துரத்தின. பிடிபடாத காகங்களும் சேர்ந்துகொண்டன, பல வருஷம் கழித்தும் மறக்கவில்லை. இதை நான் வகுப்பில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். அக்கா அதைத் தன் களத்தில் தானே கண்டுபிடித்து வைத்திருந்தார்.

மறுநாள் திட்டில் ஆலாவை விட்டுவிட்டுக் காகத்தின் பார்வையை மட்டும் கவனித்தேன். சாலையோரத்துக் கல் மீது உட்கார்ந்திருந்த காகம் மணலைத் தேடவில்லை. கார்களை விட்டு இறங்கி நடக்கும் ஆட்களைப் பார்த்தது. குடும்பத்தோடு போட்டோ எடுக்கத் திட்டின் நடுவே யாராவது நடந்தால் ஆலாக்கள் எழும்பும். எந்த இடத்தில் எழும்புகின்றனவோ அந்த இடத்துக்கு, ஆட்கள் நகர்ந்ததும், காகம் போனது. கூடு எங்கே என்று ஆலாவே சொல்லிவிடுகிறது, ஆலாவைச் சொல்ல வைப்பது நம் கால்கள். நானும் காலையும் மாலையும் கூடு எண்ணப் போய் அதையே செய்திருக்கிறேன். குச்சி வைத்து அதை இன்னும் எளிதாக்கிக் கொடுத்திருக்கிறேன். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

கொல்வதைப் பற்றி

இதைக் கேட்ட நண்பர்கள் இரண்டு பேர் உடனே கேட்டது, விஷம் வைத்தால் என்ன என்பதுதான். வைத்தவர்கள் இருக்கிறார்கள். கென்யாக் கடற்கரையில் காகத்துக்கென்றே உள்ள ஒரு மருந்தை வைத்து எண்ணிக்கையை வெகுவாகக் குறைத்தார்கள். நிறுத்தியதும் காகங்கள் திரும்பப் பெருகின. 2024-ல் அந்நாட்டு வனவிலங்குத் துறை பத்து லட்சம் காகங்களை ஒழிக்கப் போவதாக அறிவித்தது. முழுதாக ஒழித்த இடம் ஏமனின் சொகோத்ரா தீவு. 1996-ல் கப்பலில் வந்து சேர்ந்த காகங்களை 2009-க்குள் தீர்த்துக்கட்டினார்கள். அங்கே வந்தவை மிகச் சில. சுற்றிலும் கடல், புதிதாக வந்து சேர வழியில்லை.

இங்கே அது நடக்காது, நடக்கவும் கூடாது. ராமேஸ்வரத்தில் நூறைக் கொன்றால் மண்டபத்திலிருந்து நூறு வரும், பந்தி அப்படியே இருக்கிறதே. 1972 வனவிலங்குச் சட்டத்தில் காகம் தீங்குயிர்ப் பட்டியலான ஐந்தாம் அட்டவணையில் இருந்தது. 2022 திருத்தத்தில் அந்த அட்டவணையையே எடுத்துவிட்டார்கள். சட்டத்தை விடுங்கள், அக்கினி தீர்த்தக் கரையில் தர்ப்பணம் முடித்துவிட்டு ஒரு காகம் வந்து வாய் வைக்காதா என்று காத்து நிற்கிறவர்களின் முகத்தை நான் சிறுவயதிலிருந்து பார்த்திருக்கிறேன். அந்தப் பறவைக்கு விஷம் வைப்பதை என்னால் நினைக்க முடியாது.

செய்தது

முதல் வேலையாகக் குச்சிகளை எல்லாம் பிடுங்கினேன், கால்தடத்தையும் கலைத்தேன். கூடுகளை எப்படி ஞாபகம் வைப்பது? வழி சொன்னவர் அந்தச் சம்மாட்டிதான். கடலில் வலை போட்ட இடத்துக்குக் குச்சி நட முடியாது. கரையில் இரண்டு அடையாளத்தை ஒன்றன் பின் ஒன்றாக ஒரே கோட்டில் வைத்து, வேறு திசையில் இன்னொரு ஜோடியை வைத்தால், இரண்டு கோடும் வெட்டும் இடம் வலை. "அதையே கரையில செய்யி" என்றார். தேவாலயச் சுவரும் ஒரு மின்கம்பமும் ஒரு கோடு, சாய்ந்த பனையும் உடைந்த வத்தையும் இன்னொரு கோடு. திட்டுக்குள் கால் வைக்காமலே ஒவ்வொரு கூட்டையும் நோட்டில் குறித்தேன். இத்தனை வருஷம் அவர்களோடு பழகியும் எனக்கு இது தோன்றவில்லை.

கருவாடு அக்கா மீனை மணலிலிருந்து இடுப்பு உயரத்துக்கு ஏற்றி, கம்பு நட்டு வலையில் பரப்பி, மேலே கிழிந்த தங்கூசி வலையை மூடினார். குடலையும் தலையையும் ஆழமாகக் குழி தோண்டிப் புதைத்தார். நாய் தோண்டாமல் இருக்க மேலே கல். மூன்று கடைக்காரர்கள் மூடியுள்ள டிரம் வைக்க ஒப்புக்கொண்டார்கள். ஒருவர் மறுத்தார், அவர் கடைக்கு முன்னால்தான் கடைசி வரை காகம் நின்றது. திட்டின் ஓரமாகப் பழைய கயிறு கட்டி, ஈரமணல் வழியாக நடக்கச் சொல்லி ஞாயிற்றுக்கிழமைகளில் மாணவர்கள் நின்றார்கள். திட்டினவர்கள் உண்டு. பைனாகுலரில் ஆலாவைக் காட்டியதும் பிள்ளைகளைத் தூக்கிப் பிடித்துக் காட்டினவர்கள்தான் அதிகம்.

பலன் அரைகுறைதான். முதலில் முட்டையை இழந்த ஆலாக்களில் சில திரும்ப முட்டையிட்டன. இரண்டு குழிகளை நாய்கள் தின்றன. பௌர்ணமி ஏற்றத்தில் கடல் வந்து ஒன்றை அடித்துப் போனது. அதற்குக் காகத்தைக் குற்றம் சொல்ல முடியாது. காகங்கள் திட்டுக்கு வருவது நிற்கவில்லை, ஆனால் வந்தவை பெரும்பாலும் அந்த ஒரு கடையைச் சுற்றியே நின்றன. குச்சி இருந்த இடங்களுக்கு மட்டும் இறகு குறைந்த அந்தக் காகம் பத்து நாளைக்கு மேல் தினமும் வந்து பார்த்துவிட்டுப் போனது.

2025 ஜூன் மாதம் தனுஷ்கோடியில் சுமார் 524 ஹெக்டேர் பரப்பைப் பூநாரைச் சரணாலயமாகத் தமிழக அரசு அறிவித்திருக்கிறது. பூநாரைக்காக வந்த பாதுகாப்பு ஆலாவுக்கும் உப்புக்கொத்திக்கும் நிழலாக இருக்கும் என்று நம்புகிறேன். இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் இனப்பெருக்கம் செய்யும் உப்புக்கொத்தியைத் தனி இனம் என்று 2023-ல் ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டி, இந்தச் சேதுவை நினைத்தே அதற்கு அனுமன் பெயரை வைத்தார்கள். அந்தப் பறவை முட்டையிடும் மணலில் சிப்ஸ் பாக்கெட் கிடக்கிறது. சரணாலய எல்லைப் பலகையோடு மூடியுள்ள குப்பைத் தொட்டியும், ஏப்ரல் முதல் ஜூன் வரை திட்டுக்குள் நடக்கத் தடையும் வேண்டும் என்று கேட்டு மனு கொடுத்திருக்கிறோம்.

ஜூன் 15 விடியற்காலை. விசைப்படகுகள் கடலுக்குப் போய்விட்டன, இனி சங்காயம் கரைக்கு வரும். அன்று ஏழு மணி வரைக்கும் திட்டில் ஒரு காகமும் இல்லை. வத்தையின் பின்னால் உட்கார்ந்து தேவாலயச் சுவருக்கும் மின்கம்பத்துக்கும் கோடு பிடித்துப் பார்த்தேன். மணலில் படரும் அடப்பங்கொடியின் இலைக்கு அடியில் மணல் நிறத்தில் ஏதோ அசைந்தது. ஆலா ஒன்று வாயில் சின்ன மீனோடு இறங்கியது. இலைக்கு வெளியே இரண்டு குஞ்சுகள் வந்தன.